அப்பா சொன்னதாக நான் சொன்னது

"காலை மடக்கு சாமி, இன்னுங் கொஞ்சம், அவ்வளவுதான், மூச்ச விட்டுராத" என்று அம்மா ரவிக்கை அளக்கும் டேப்பை நிலைக்கதவில் வைத்துக்கொண்டு என் தங்கை வெண்பாவின் உச்சந்தலையை உள்ளங்கையால் அமுக்குகிறாள். தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்தத் தண்ணிப் பார்க்கில் டிக்கெட் கிடையாது, சும்மாவே உள்ளே விடுவார்கள், வெண்பா தொண்ணூற்றிரண்டு, நாலு வயசுக்கு எதுக்கு இத்தனை வளர்த்தி என்று அம்மாவுக்குக் கவலை, போன மாசம் வரைக்கும் இதே அம்மாதான் பாப்பா வளரவே மாட்டேங்குது என்று அவளுக்கு ராகி அடையாகத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதே நிலைக்கதவின் அந்தப் பக்கம் என் தம்பி தர்ஷித் கால் கட்டைவிரலில் எகிறி நிற்கிறான், பெரிய சறுக்கில் ஏற நூற்றி இருபது வேண்டும், ஆறு வயசில் அவன் நூற்றிப் பதிமூன்று, ஆக ஒரே கதவில் ஒருத்தி சுருங்குகிறாள், ஒருத்தன் நீளுகிறான், நான் தரையில் உட்கார்ந்து கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு பேரையும் எழுதிக்கொள்கிறேன். என்னை யாரும் அளக்கவில்லை, எனக்குப் பதினாறு, நான் முழு டிக்கெட், அதில் பேச்சுக்கே இடமில்லை. சிரிப்பாய் வருகிறது, வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன், அந்த கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி எப்படிப் பேசுவான் என்று தர்ஷித்துக்குச் செய்தே காட்டியிருப்பேன், தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு, ஏம்மா பாப்பாவ நேரா நிக்கச் சொல்லுங்க, இது என்ன கொக்காட்டம் மடிச்சுக்கிட்டு. ஆனால் மணி இரண்டேகால். நாலு மணிக்கு அப்பா கூப்பிடுவார். கூப்பிட்டதும் தர்ஷித் பார்க்கு பார்க்கு என்று கத்துவான், அப்பா எந்தப் பார்க்குடா என்பார், அதோடு முடிந்தது. ஏனென்றால் அப்பா பார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது நான். அப்பா குரலில்.

நாலு நாளைக்கு முன்னால், ஏப்ரல் ஒன்றாம் தேதி. இந்தச் சங்ககிரியில் நான் யாரை விட்டுவைத்தேன், பக்கத்து வீட்டு சிந்தாமணி அக்கா இருமிக்கொண்டே கணக்குக் கேட்பது, கேஸ் சிலிண்டர் அண்ணன் படியேறுவதற்கு முன்பே அலுத்துக்கொள்வது, ஸ்டேஷனில் அறிவிக்கிற அம்மாள், எங்கள் தமிழ் ஐயா, ரேஷன் கடை எடை மிஷின்கூட, எல்லாம் என் தொண்டையில் வரிசையாக நிற்கிறது, கூப்பிட்டால் வரும். "மௌனிகான்னு பேரு வெச்சோம் பாரு, ஊரு வாயெல்லாம் இவ வாய்லதான் இருக்குது" என்று அம்மா சிரிப்பாள், சிரித்துவிட்டு அந்த ரேஷன்கடைக்காரன இன்னொருக்கா பண்ணுடி என்பாள். அப்பாவின் பழைய போன் தார்ப்பாய் கயிறு போட்டு வைக்கிற தகரப் பெட்டிக்குள் கிடந்தது, அவரே போட்டுவிட்டு மறந்தது, அம்மாவுக்கு அது அவரிடம் இருப்பதாக நினைப்பு. சார்ஜ் ஏற்றி, என் போனிலிருந்து நெட் கொடுத்து, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். லாரிச் சத்தத்துக்கு பக்கெட்டைக் கவிழ்த்து அடியில் விரலால் உருட்டினேன், எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். நான் தயார் பண்ணி வைத்திருந்தது ஒரே ஒரு வரி, கொழந்தைகளுக்கு லீவு விட்டதும் அந்தத் தண்ணிப் பார்க்குக்குப் போலாம், அவ்வளவுதான், சாயங்காலம் ஏப்ரல் ஃபூல் என்று கத்தினால் வீடே உருண்டு சிரிக்கும். ஆனால் அமுக்கிய விரலை எடுக்கத் தோன்றவில்லை, வாய் தானாகப் போனது, "நானும் வர்றேன், பூங்கொடி. நீயும் தண்ணில எறங்கோணும். பையப் புடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கறதெல்லாம் வேண்டாம்." இதை யார் சொன்னது. நான் எழுதி வைக்கவில்லை. அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, ஏம்புள்ள என்பார், அதுதான் அம்மாவின் பேர் என்று தர்ஷித் மூணு வயசு வரைக்கும் நினைத்திருந்தான். அப்பாவின் எந்த மெசேஜும் எங்கே இருக்கிறார் என்பதில்தான் தொடங்கும், ஏம்புள்ள நாந்தான், நாக்பூர் தாண்டிட்டேன், இங்க வெயிலு, ரொட்டி தின்னேன், முடிவில் டயரைப் பற்றி ஏதாவது. நான் ஊரும் சொல்லவில்லை, வெயிலும் சொல்லவில்லை, டயரும் சொல்லவில்லை. எட்டு வருசமாய்க் குரல் எடுக்கிற எனக்கு இத்தனை பெரிய ஓட்டை. அம்மா அதில் விழுந்திருக்கவே கூடாது.

பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து முழங்கையால் அமுக்கிக் கேட்டாள். ஒருதரம். அப்புறம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இன்னொருதரம். மூணாந் தரம் போனைத் தூக்கிக் காதோடு வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பேர் வருகிற இடத்தில் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தாள். பிறகு கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், சிரிப்பதற்காகப் பொத்திய கை, எடுக்காமல் அப்படியே இருந்தது. சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனால், ஏண்டி, நைலான் துணி மீட்டர் என்ன வெலை இருக்கும் என்று கேட்டாள், பார்க்கில் நைலான் போட்டால்தான் தண்ணியில் விடுவார்களாம், சிந்தாமணி அக்கா சொன்னதாம், அதற்குள் சிந்தாமணி அக்கா வரைக்கும் போய்விட்டது. சரி, நாளைக்கு அப்பா போன் பண்ணும்போது தானாக உடையும், திட்டு விழும், முடியும். மறுநாள் லாரி ஆபீஸ்காரர்தான் கூப்பிட்டார், உங்க வீட்டுக்காரரு அர்த்தநாரி போன் உடைஞ்சிருச்சுங்க, இந்தூர்ல ஜவ்வரிசி எறக்கிப்போட்டு ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடறதா சொல்லச் சொன்னாரு. அம்மா போனை வைத்துவிட்டு, "அதான் பழைய போன்ல இருந்து பேசியிருக்காரு" என்றாள், யாரும் கேட்காமலே. நான் தலையை ஆட்டினேன். நான் செய்த ஓட்டையை அம்மா ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"கட்டுச்சோறு கொண்டுபோகக் கூடாதுன்னா அப்பறம் என்னத்துக்கு ஊருக்குப் போறது?" அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்கிறாள். காலையில் நான்தான் பார்க்குக்குப் போன் போட்டு விசாரித்தேன், அம்மாவுக்குக் கூச்சம், அதனால் அம்மா குரலிலேயே பேசினேன், ஏனுங்க, கொழந்தைகளுக்கு எப்படிங்க, வயசுங்களா ஒசரங்களா. அந்தப் பக்கம் பேசிய பெண் மேடம் மேடம் என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள், சனி ஞாயிறுக்கு ஒரு ரேட், மத்த நாளுக்குக் கம்மி, வெளிச் சாப்பாடு விடமாட்டோம் மேடம், கைக்குழந்தைக்கு மட்டும் ஓக்கே மேடம். அம்மா பக்கத்திலிருந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "நானென்ன மேடமா" என்று வாயை மூடிச் சிரித்தாள். இப்போது திட்டம் தயார், சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். லீவு விட்டு வருகிற முதல் செவ்வாய்க்கிழமை. காலை பாசஞ்சர். புளிச்சோறு, கேட்டுக்கு வெளியே மர நிழலில் பத்து மணிக்கே எல்லாரும் வயிறு முட்டத் தின்றுவிட வேண்டும். உள்ளே பாப்பாவுக்கு என்று தயிர்ச்சோறு. எத்தனை டப்பா என்றேன். நாலு என்றாள். "அம்மா, பாப்பா ஒருத்திக்கு நாலு டப்பாவா?" "பாப்பா எத்தன திங்கும்னு அவனுக்கென்ன தெரியும்? எங்க பாப்பா பசி தாங்காதுன்னு சொல்லு." "அப்ப தொண்ணூறுக்குக் கீழன்னும் சொல்லோணும், நாலு டப்பா திங்குதுன்னும் சொல்லோணுமா?" தர்ஷித் நடுவில் புகுந்து, "திங்கறதெல்லாம் உள்ள போயி நசுங்கிருதுன்னு சொல்லலாம்" என்றான், அம்மா அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள், தலை பின்னால் சாய, பல் தெரிய, நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இந்தச் சிரிப்பு இந்த வீட்டில் எங்கே இருந்தது. நான் எத்தனை குரல் எடுத்திருக்கிறேன், இது வந்ததில்லை. போதும் என்றே தோன்றுகிறது, போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதிக்கொண்டே இருந்தால் போதும், பாசஞ்சரில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது வரைக்கும். பார்க்குக்குள் போனதும் அப்பா என்ன செய்வார் என்று மட்டும் அம்மா எழுதச் சொல்லவில்லை. அஞ்சு பேருன்னு போடு என்றாள், அவ்வளவுதான். அந்த அஞ்சை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது.

மணி மூன்று. வெண்பா குனிந்து நடந்து பழகுகிறாள், டேப்பை எடுத்த பிறகும், வீடு முழுக்கக் காலை மடக்கியே போய்க்கொண்டிருக்கிறாள், அலமாரிப் பக்கம் போய் அந்த வெண்கலச் சொம்பை எட்டிப் பார்க்கிறாள். அம்மாவின் போனில் ஸ்பீக்கர் சத்தம் சரியாக வராது, அதனால் அப்பாவின் மெசேஜ் வந்தால் போனைச் சொம்புக்குள் இறக்குவோம், குரல் உருண்டு பெரிசாகி வரும், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம், அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளிடம் என் குரல் அப்பா குரலாகத் தப்பியதும் அதனால்தான், சொம்புக்குள் போனால் எல்லாக் குரலும் கொஞ்சம் அப்பா. வெண்பாவுக்கு அப்பா என்றால் அதுதான். முத்தம் கொடுக்கச் சொன்னால் சொம்பின் விளிம்பில் கொடுப்பாள். தீபாவளிக்கு அப்பா நேரில் வந்தபோது அவர் தோளையும் மீசையையும் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், கொஞ்ச நேரம் கழித்து மெல்லப் போய்ச் சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள், அங்கே இன்னும் இருக்கிறாரா என்று. அப்பா அதைப் பார்த்தார். சிரித்தார். பிறகு இரண்டு நாள் தூங்கினார், அவர் வந்தால் தூக்கம்தான், நாங்கள் அவரைச் சுற்றி நுனிக்காலில் நடப்போம், மூணாம் நாள் வண்டிக்கு எஃப்சி சர்டிபிகேட் வாங்கப் போய்விடுவார், நாலாம் நாள் லோடு. எனக்கும் தர்ஷித்துக்கும் நடுவே பத்து வருசம், அந்தப் பத்து வருசத்தை யாராவது விரித்துப் பார்த்தால் முழுக்க ரோடாக இருக்கும். எனக்கு எட்டு வயசிருக்கும்போது ஒருநாள் வாசலில் நின்று அப்பா மாதிரி இருமினேன், முதல்முதலில் எடுத்த குரல் அந்த இருமல்தான், சும்மா, விளையாட்டு. உள்ளேயிருந்து அம்மா ஓடி வந்தாள், மாவுக் கையோடு, நெற்றியில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டே. வாசலில் நான் மட்டும். அம்மா என்னை அடிக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அன்றைக்கே நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு குரலாக எடுக்க ஆரம்பித்தேன், அந்த ஓட்டம் இருக்கிறதே, அம்மா ஓடி வந்த அந்த ஓட்டம், அது என்னால் வந்தது என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது, பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

ஏன் பார்க்கு என்று வாயில் வந்தது, கோயில் என்று வந்திருக்கலாம், துணிக்கடை என்று வந்திருக்கலாம். ஏழு வயசில் அப்பா என்னை மட்டும் கோயமுத்தூர் லோடுக்குக் கூட்டிப்போனார், ஒரே ஒரு தடவை, திரும்பி வரும்போது பைபாஸில் ஒரு மதில், மதிலுக்கு மேலே நீலச் சறுக்கு, பாம்பு மாதிரி சுற்றிச் சுற்றி, அதிலிருந்து பிள்ளைகள் அலறுகிற சத்தம். அப்பா வண்டியை ஓரம் கட்டினார். கட்டக்கூடாத இடம். என்னைத் தூக்கி கேபின் மேலே ஏற்றி, அங்கிருந்து தார்ப்பாய் மேலே, ஏறு சாமி ஏறு என்று, தான் கேபின் படியில் நின்று எட்டி என் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். வெயிலில் தார்ப்பாய் கொதித்தது, பாதம் சுட்டது, நான் சொல்லவில்லை, சொன்னால் இறக்கிவிடுவார். உள்ளே தண்ணி அலை அலையாகத் தானே அடித்துக்கொண்டிருந்தது, மஞ்சள் சட்டைபோட்ட ஒரு அப்பா ஒரு பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "தெரியுதா சாமி?" "தெரியுதுப்பா." "என்ன தெரியுது, சொல்லு, எனக்குத் தெரியல." நான் மேலே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், சறுக்கு, குடை, ஐஸ் விற்கிறவர், அப்பா கீழே நின்று மதிலைப் பார்த்தபடி ம், ம் என்று கேட்டார். பிறகு போலீஸ் விசில். இறங்கும்போது சொன்னார், அடுத்த லோடுக்கு உள்ளயே போயிரலாம். பொய் சொல்லவில்லை. அடுத்த லோடு குவாஹாத்தி, அதற்கடுத்தது ஜான்சி, அதற்கடுத்தது எனக்குப் பள்ளிக்கூடம். எல்லாரும் அப்பா ஏமாற்றியதாக நினைக்கலாம், நான் நினைத்ததில்லை, அந்தக் கணுக்கால் பிடியை நினைத்தால் என்னால் முடியாது. இப்போது அந்த ஐந்தாவது ஆளை எழுதும்போது, பதினாறு வயசில், நூற்றி அறுபத்தியொன்று சென்டிமீட்டரில், எனக்குச் சறுக்கெல்லாம் வேண்டாம், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவுக்கு எல்லாம் தெரிகிறதா என்று ஒருதரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் பாத்ரூமுக்குள் என் வாய் கேட்டதோ என்னவோ.

அம்மா பெட்டியிலிருந்து பழைய நைலக்ஸ் சேலை ஒன்றை எடுத்துத் தரையில் விரிக்கிறாள். ஊதா, வெள்ளைப் பூ. வெட்டித் தனக்கு ஒரு முழுக்கைச் சட்டையும் பேன்ட் மாதிரி ஒன்றும் தைக்கப் போகிறாளாம். அம்மா சேலை தவிர வேறெதுவும் கட்டி நான் பார்த்ததில்லை. கத்தரிக்கோலைத் துணியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வெட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். "ஏண்டி மௌனி. நானெல்லாம் எறங்கலாமா?" "ஏன் எறங்கக்கூடாது?" "சிரிப்பாங்க." "யாரு?" "யாரோ ஒருத்தரு. உங்கப்பனே சிரிப்பாரு." "அவருதான எறங்கச் சொன்னாரு" என்கிறேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், கொஞ்சம் அதிக நேரம். "ஆமா" என்கிறாள், "சொன்னாரு." இப்போது சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன்னால். சேலையை வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. அம்மா, அது நான். மூன்றே வார்த்தை. ரேஷன் மிஷின் குரலில் சொன்னால் சுலபமாக இருக்குமோ, தமிழ் ஐயா குரலில் சொல்லலாமோ, அம்மையே அஃது யானே என்று, சிரித்துவிடுவாளா. ஒன்று இப்போதுதான் உறைக்கிறது, நாலு நாளாக அம்மா என்னை யார் மாதிரியும் பேசிக்காட்டச் சொல்லவில்லை. தினம் கேட்பவள். ஏன் கேட்கவில்லை. கரக் என்று கத்தரி ஊதாவுக்குள் இறங்குகிறது, அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக வெட்டிக்கொண்டே போகிறாள், பூக்களின் நடுவே, நிறுத்தவில்லை, போன் அடிக்கிறது. மூணே முக்கால்தான். நாலு ஆகவில்லை. இன்னும் கால் மணி நேரம் எனக்குப் பாக்கி இருந்தது.

தர்ஷித் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுச் சொம்புக்குள் இறக்குகிறான். "ஏம்புள்ள, நாந்தான். இந்தூர்ல எறக்கிட்டேன். டிஸ்பிளே மாத்தியாச்சு. இங்க வெயிலு மண்டையப் பொளக்குது." அசல் குரல் எவ்வளவு களைத்திருக்கிறது, நான் இந்தக் களைப்பை எடுத்ததே இல்லை, வெறும் கரகரப்பைத்தான் எடுத்திருக்கிறேன். "அப்பா பார்க்கு! நான் நூத்திப் பதிமூணு!" "நான் குட்டையாயிட்டேன்ப்பா" என்று வெண்பா சொம்புக்குள் வாயை வைத்துச் சொல்கிறாள். "எந்தப் பார்க்குடா?" வந்துவிட்டது. சொன்னபடியே வந்துவிட்டது. சொம்பு ஙொய் என்று சும்மா ஒலிக்கிறது, நான் குனிந்து இரண்டு வார்த்தை அப்பா குரலில் போட்டால் போதும், சொம்புக்குள் யார் கண்டது, தொண்டை தானாகத் தயாராகிறது, நான் விழுங்கிவிடுகிறேன். அம்மாதான் பேசுகிறாள். "அதானுங்க. ஒண்ணாந் தேதி உங்க பழைய போன்ல இருந்து சொல்லியிருந்தீங்கல்ல, லீவு விட்டதும் தண்ணிப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறதா. செவ்வாக்கிழமையாப் பாத்துப் போலாம்னு இருக்கறோம்." எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாள், தேதி, போன், விஷயம், ஒன்று விடாமல், தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரி. "பழைய போன்லயா?" "ஆமாங்க." பின்னால் யாரோ இந்தியில் கத்துகிறார்கள், ஒரு ஹாரன் நீளமாகப் போய் ஓய்கிறது. பெட்டிக்குள் போனைப் போட்டது அப்பாவின் கைதான். "மௌனி அங்கயா இருக்கறா?" "இங்கதான் இருக்கறா." "ம்." அந்த ம் எனக்குத் தெரியும், மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்ன ம். "ஆமா, சொன்னேன். நாந்தான் சொன்னேன். போன் ஒடஞ்ச வெசனத்துல மறந்துபோச்சு." தர்ஷித் குதிக்கிறான், வெண்பா காலை நீட்டிவிட்டுக் குதிக்கிறாள், பிறகு ஞாபகம் வந்து மடக்கிக்கொண்டு குதிக்கிறாள். நான் மூச்சு விடலாம். ஆனால் அம்மா குதிக்கவில்லை, சிரிக்கவில்லை, சொம்பின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், விரல் நுனி வெளுத்திருக்கிறது. "நீங்களும் வர்றதா சொல்லியிருந்தீங்க" என்கிறாள் மெதுவாக. "லோடு கெடச்சா பரவால்லீங்க. நாங்க போயிட்டு வந்துக்கறோம்." சொம்புக்குள் வெயில் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு அமைதி, லைன் போய்விட்டதோ, போய்விட்டால்கூட நல்லது, யாரும் எதையும் சொல்லாத இடத்தில் இந்தச் செவ்வாய்க்கிழமை அப்படியே நிற்கும், ஆனால் மூச்சு கேட்கிறது, அப்பாவின் மூச்சு, கியர் மாற்றுவதற்கு முன்னால் விடுகிற மூச்சு. "வர்றேன் புள்ள. அந்த வாரம் வண்டி எடுக்கல. நானும் வர்றேன்."

அம்மா சொம்பைப் பார்க்கவில்லை. சடாரென்று திரும்பி என் வாயைப் பார்க்கிறாள்.

மூடித்தான் இருக்கிறது. அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கண்ணில் தண்ணி கட்டிக் கட்டி, என் வாய் மூடியிருப்பதையே.